பதினொரு குப்பிகளும் ஆறு வாரக் கெடுவும்: மனச்சோர்வில் துணைச்சத்து, உடற்பயிற்சி, உணவு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

38 வயதான ஒரு பெண், மருந்து எதையும் எழுதித் தரக்கூடாது என்ற நிபந்தனையோடு என்னிடம் வந்தார். கணக்குப் பிரிவில் முழுநேரப் பணி. கணவரும், பள்ளிக்குச் செல்லும் ஒரு மகளும் உண்டு. அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிகிச்சை தொடர்பான எதையும் மாற்றவில்லை.

ஏழு மாதங்களாக அவருக்கு மனம் எதிலும் ஒட்டவில்லை. அதிகாலை மூன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு உறக்கமில்லை. அரை மணி நேரத்தில் முடிக்கும் கணக்குச் சரிபார்ப்புக்கு இப்போது முற்பகல் முழுவதும் ஆகிறது என்றார். மகள் பேசும்போது உதடுகள் அசைவது தெரிகிறது, சொற்கள் உள்ளே போவதில்லை என்றும் சொன்னார்.

நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற சோர்வு வந்தபோது மனச்சோர்வு மாத்திரையை மூன்று மாதங்கள் உட்கொண்டிருக்கிறார். முதல் இரு வாரங்கள் குமட்டல் வாட்டியிருக்கிறது. ஓரளவு தேறியதும் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த சில நாட்களில் தலைசுற்றலும் எரிச்சலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வந்திருக்கின்றன. இவை திடீரென்று நிறுத்துவதால் வருபவை என்பதையும், அளவைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை என்பதையும் அவருக்கு எவரும் சொல்லவில்லை. தாம் அந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்டதாக அவரே முடிவுகட்டிக்கொண்டார். இம்முறை சோர்வு தலைகாட்டியதும் துணைச்சத்து மாத்திரைகள், கடும் உடற்பயிற்சி, கட்டுப்பாடான உணவு ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கியிருக்கிறார். பிடிவாதத்தால் அன்று, பட்ட அனுபவத்தால் எடுத்த முடிவு அது என்பது எனக்குப் புரிய இரண்டு சந்திப்புகள் ஆயின.

முதல் சந்திப்பில் கண்டவை

மனச்சோர்வின் கடுமையை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாப்படிவத்தில் அவர் பெற்ற மதிப்பெண் 17. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27 என்ற கணக்கில், 15 முதல் 19 வரை உள்ள மதிப்பெண் மிதத்தைத் தாண்டிய கடுமையைக் குறிக்கும். உயிரோடு இருப்பதைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு அவர் 1 என்று குறித்திருந்தார். தனியாக வெளிப்படையாகக் கேட்டபோது, காலையில் விழிக்காமலே போயிருந்தால் நன்றாயிருக்கும் என்று சில நாட்களில் தோன்றுவதாகவும், அதற்கு மேல் எண்ணமோ திட்டமோ இல்லை என்றும் சொன்னார். முன்பு எப்போதாவது உறக்கமே தேவைப்படாத அளவுக்கு உற்சாகம் பொங்கிய காலம் இருந்ததா என்று அவரையும் கணவரையும் கேட்டேன், இல்லை என்றார்கள்.

சோர்வுக்கு உடற்காரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க இரத்தப் பரிசோதனைக்கு எழுதினேன். இரத்தச்சோகை இல்லை, பி12 அளவு இயல்பாகவே இருந்தது. வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம் என்று வந்தது. 20-க்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்போம். என்னைத் தடுமாற வைத்தது தைராய்டு முடிவுதான். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் 0.08 என மிகக் குறைந்தும், தைராய்டு சுரக்கும் டி4 உயர்ந்தும் இருந்தன. தைராய்டு மிகைச் சுரப்பின் இலக்கணம் அது. ஆனால் நாடித்துடிப்பு 68, கைநடுக்கம் இல்லை, வியர்வை இல்லை. ஆளைப் பார்த்தால் ஒன்று, தாளைப் பார்த்தால் வேறொன்று. ஆனாலும் நாளமில்லாச் சுரப்பி வல்லுநருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன்.

பதினொரு குப்பிகள்

இரண்டாம் சந்திப்புக்கு, உட்கொள்ளும் எல்லாவற்றையும் குப்பியோடு எடுத்து வரச் சொல்லியிருந்தேன். ஒரு துணிப்பையிலிருந்து பதினொரு குப்பிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் மூடியிலும் எந்த நேரத்தில் எத்தனை என்று சிறிய எழுத்தில் ஒட்டியிருந்தது. பையின் பக்கவாட்டு உறையில் கருத்தடை மாத்திரை அட்டையும் இருந்தது. அதை அவர் மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை, நானும் முதல் சந்திப்பில் கேட்கவில்லை. குப்பிகளைத் திருப்பி ஒவ்வொரு சீட்டையும் படித்து, ஒரு தாளில் கூட்டல் போட்டோம். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. இந்த நோயாளிக்கு நான் செலவிட்ட நேரத்தில் இவ்வளவு பயன் தந்த முக்கால் மணி வேறில்லை.

முடி உதிர்வுக்கென்று அவர் எடுத்துவந்த பயோட்டின் என்னும் பி வகை வைட்டமின், ஒரு மாத்திரையில் 10 மி.கி., அதாவது 10,000 மைக்ரோகிராம். ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமானது என்று கொள்ளப்படும் அளவு 30 மைக்ரோகிராம்தான். உபரி சிறுநீரில் போய்விடும், உடலுக்குப் பெரிய கேடு இல்லை. ஆய்வகத்துக்குத்தான் கேடு. பல தைராய்டு பரிசோதனைகளில் பயோட்டினைப் பசைபோலப் பயன்படுத்தும் முறை உண்டு. இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக உயர்ந்தும் காட்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதனால் தவறாகக் குறைந்து காட்டக்கூடும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. பயோட்டினை நிறுத்தி ஒரு வாரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்தோம். டிஎஸ்எச் 2.1, டி4-உம் சரி, இரண்டும் இயல்பு. பரிந்துரைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

மீன் எண்ணெய்க் குப்பியின் முகப்பில் 1000 மி.கி. என்று பெரிதாக இருந்தது. பின்புறச் சிற்றெழுத்தில், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களான இபிஏ 180 மி.கி., டிஎச்ஏ 120 மி.கி. என்று இருந்தது. மனச்சோர்வில் ஓரளவு பயன் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் இபிஏ மிகுந்த தயாரிப்புகளை, நாளொன்றுக்கு 1 கிராம் இபிஏ என்ற அளவில் பயன்படுத்தியவை. அந்த அளவை எட்ட இவர் ஐந்தாறு உருண்டைகள் விழுங்கியிருக்க வேண்டும், விழுங்கியது ஒன்று. வைட்டமின் டி-யின் கதையும் இதுவே. பதினொன்றில் அவருக்கு உண்மையிலேயே குறைவாக இருந்த சத்து அது ஒன்றுதான். அந்தக் குப்பியில்தான் அளவு மிகச் சிறியதாக, 400 அலகாக இருந்தது.

பி6 எதிர்த்திசையில் போயிருந்தது. பல்சத்து மாத்திரையில் 6 மி.கி., பி-காம்ப்ளெக்ஸில் 50, தனி பி6 குப்பியில் 50, மெக்னீசியத்தோடு சேர்ந்து 10, ஆக 116 மி.கி. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு உச்ச வரம்பு 100. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதை 12 மி.கி. என்றே நிர்ணயித்தது. நீண்டகாலம் மிகுந்தால் நரம்பு பாதிக்கப்படும். கால்விரல்களில் ஊசி குத்துவது போல் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு மாதமாக இருக்கிறது, அதுவும் மனச்சோர்வுதான் என்று நினைத்தேன் என்றார்.

கடைசியாக எடுத்தது செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகைச் சாறு, 300 மி.கி., மூன்று வேளை. இது வெறும் ஏமாற்று அன்று. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2008-இல் வெளியிட்ட மீளாய்வு 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மிதமான மனச்சோர்வில் இது வெற்று மாத்திரையைவிட மேலானது என்றும், வழக்கமான மருந்துகளுக்கு ஒப்பானது என்றும் கண்டது. வேலை செய்வதால்தான் சிக்கலும் வருகிறது. கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் நொதியை இது தூண்டிவிடும். கருத்தடை மாத்திரை, இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றியவர்கள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் வீரியம் குறைந்துபோகும். மாதவிலக்குக்கு இடைப்பட்ட நாட்களில் உதிரப்போக்கு உண்டா என்று கேட்டதும் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு மாதங்களாக உண்டு என்றார். கருத்தடை வலுவிழந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. அன்றே கருப்பரிசோதனை செய்தோம், கரு இல்லை.

உடற்பயிற்சியையும் உணவையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நாள்தோறும் ஒரு மணி நேர ஓட்டம் என்று தொடங்கி ஒன்பதாம் நாள் நின்றிருக்கிறார். அந்த ஒன்பது நாட்களைத் தம் இயலாமைக்குச் சாட்சியாக இன்னும் வைத்திருந்தார். உணவில் தானியத்தையும் சர்க்கரையையும் அறவே விலக்கி, எட்டு மணி நேர இடைவெளிக்குள் மட்டும் உண்டுவந்தார். இரண்டு மாதங்களில் 5 கிலோ குறைந்திருந்தது. பசியின்மை நோயினாலா, கட்டுப்பாட்டினாலா என்று பிரித்தறிய முடியாத நிலை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இந்தக் கடுமைக்கு மருந்தையும் பேச்சுவழிச் சிகிச்சையையும் சேர்த்துத் தொடங்குவதே என் முதல் விருப்பம். அதை அவரிடம் மறைக்கவில்லை. ஆனால் உடனடி ஆபத்து இல்லாத நிலையில், தெளிவான மனத்தோடு மறுக்கும் ஒருவரிடம் அதைத் திணித்தால் அவர் வராமலே போய்விடுவார் என்று தோன்றியது. ஆகவே அவர் வழியிலேயே, அளவோடும் கெடுவோடும் செல்ல ஒத்துக்கொண்டோம். வாரம் ஒருமுறை பிஎச்க்யூ-9. ஆறாம் வார முடிவில் மதிப்பெண் பாதிக்குக் கீழே வராவிட்டால், அல்லது ஒன்பதாவது கேள்வியில் ஓர் எண் கூடினாலும், மருந்தைப் பற்றி மீண்டும் பேசுவோம். இதைக் கணவர் முன்னிலையில் எழுதி இருவருக்கும் ஒவ்வொரு படி கொடுத்தேன்.

துணைச்சத்துகளில் ஒன்பதை நிறுத்தினோம். வைட்டமின் டி-யைக் குறைபாட்டுக்கு உரிய அளவில் தந்தேன். ஆனால் அது மனத்தைத் தேற்றும் என்று வாக்களிக்கவில்லை. 50 வயதைக் கடந்த 18,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2000 அலகு வைட்டமின் டி மனச்சோர்வு வருவதைத் தடுக்கவில்லை. குறைபாட்டைச் சரிசெய்வது ஒன்று, மனச்சோர்வுக்கு மருந்தாக நினைப்பது வேறு. மீன் எண்ணெய்க்குப் பதிலாக 1 கிராம் இபிஏ தரும் தயாரிப்பை 12 வாரங்களுக்கு மட்டும் துணையாக வைத்துக்கொண்டோம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை ஒரு வாரத்தில் குறைத்து நிறுத்தவும், அதற்குப் பின்னும் சில வாரங்கள் மாற்றுக் கருத்தடை முறையைக் கையாளவும் சொன்னேன்.

உடற்பயிற்சி, காலையில் பல் துலக்கிய கையோடு பத்து நிமிட நடை. மனம் ஒத்துழைக்கிறதா என்று அதனிடம் கேட்கக்கூடாது என்பது மட்டுமே விதி. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1999-இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர், 50 வயதைக் கடந்த 156 பேரிடம் உடற்பயிற்சி, செர்ட்ராலின் என்னும் மனச்சோர்வு மாத்திரை, இரண்டும் சேர்ந்தது ஆகியவற்றை ஒப்பிட்டனர். 16 வாரங்களில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தனர். மாத்திரைக்கு ஓட்டம் ஈடு என்று செய்தியாகப் பரவியது இதுதான். அவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், குழுவாக, மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்கள் என்பதும், தொடக்கத்தில் மாத்திரைப் பிரிவினரே விரைவாகத் தேறினர் என்பதும் அந்தச் செய்தியில் உதிர்ந்துபோயின. அதிகாலை மூன்றரைக்கு விழித்துத் தனியாக ஓடத் தொடங்கிய ஒருவருக்கு அந்த விடுபடல் பெரிய வேறுபாடு.

உணவில் விலக்கியவை அனைத்தையும் திரும்பச் சேர்த்தோம். நேரம் தவறாத மூன்று வேளை, காய்கறி, பழம், பருப்பு, மீன், கொட்டைகள். ஆஸ்திரேலியாவில் பெலிஸ் ஜாக்கா குழுவினர் 67 பேரிடம் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உணவு ஆலோசனை பெற்றோரில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினரும், வெறும் துணைப்பேச்சு பெற்றோரில் 8 விழுக்காட்டினரும் 12 வாரங்களில் நோய் தணிந்தனர். சிறிய ஆய்வு, பங்கேற்றோரில் பெரும்பாலோர் வேறு சிகிச்சையும் பெற்றுவந்தவர்கள். ஆனாலும் அதில் சொல்லப்பட்ட உணவு எதையும் பட்டினி போட்டு விலக்கச் சொல்லவில்லை என்பதை அவரிடம் சுட்டிக்காட்டினேன்.

முதல் ஐந்து வாரங்கள்

மதிப்பெண் 17-லிருந்து 16, 14, 12 என்று இறங்கியது. நடை பத்து நிமிடத்திலிருந்து இருபத்தைந்துக்கு வளர்ந்தது. கால்விரல் குத்தல் குறையத் தொடங்கியது. நான்காம் வாரம், மகளின் பள்ளியில் நடந்ததைக் கேட்டுச் சிரித்தேன் என்று, குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போலச் சொன்னார். நான் அகமகிழ்ந்துபோனேன், அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவற்றை அந்த வாரம் கேட்கவில்லை.

ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் படியில் கால் பிசகிக் கணுக்கால் சுளுக்கியது. நடை நின்றது. மதிப்பெண் 13.

ஆறாம் வாரம்

மதிப்பெண் 18. ஒன்பதாவது கேள்விக்கு 2. கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நேரடியாகக் கேட்டேன். விழிக்காமல் போகும் எண்ணம் இப்போது பெரும்பாலான நாட்களில் வருகிறது, திட்டம் இல்லை, மகளை நினைத்தால் எண்ணம் நின்றுவிடுகிறது என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் வாரத்திலிருந்தே செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை மீண்டும் உட்கொண்டுவருவதாகச் சொன்னார். உறக்கம் வராத ஓர் இரவில் தொடங்கியிருக்கிறார். “அன்றைக்குக் குப்பிகளைப் பார்த்தபோது உங்கள் முகம் மாறியது, டாக்டர். அதனால் சொல்லவில்லை.”

மருந்துக்கு அவர் இசைந்தார். ஆனால் அந்த மூலிகையின் மேல் செர்ட்ராலினைத் தொடங்கினால் உடலில் செரோடோனின் என்னும் நரம்பு வேதிப்பொருள் அளவுக்கு மீறி, காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று ஆபத்தாக முடியக்கூடும். இரண்டு வார இடைவெளி தேவை. ஒன்பதாவது கேள்வி உயர்ந்து நிற்கும்போது இரண்டு வாரம் காத்திருப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. உள்நோயாளியாகச் சேர்ப்பதைப் பற்றி மூவரும் பேசினோம். திட்டம் இல்லை, கணவர் உடனிருக்கிறார், நிலை மோசமானால் நேரம் பாராமல் அவசரப் பிரிவுக்கு வர இருவரும் ஒப்புக்கொண்டனர். ஆகவே வீட்டிலேயே இருக்க முடிவெடுத்தோம். வீட்டிலிருந்த மாத்திரைகள் அனைத்தும் கணவரின் பொறுப்புக்கு மாறின. வாரத்தில் இருமுறை சந்திப்பு, இடைநாட்களில் தொலைபேசி. அதே வாரம் உளவியலாளரிடம் அமர்வுகள் தொடங்கின. சுளுக்கு ஆறும்வரை நடைக்கு மாற்றாக அமர்ந்தபடி செய்யும் பயிற்சியும், நாளுக்கு ஒரு சிறு வெளிவேலையும் அட்டவணையில் ஏறின.

தொடர்ந்தவை

எட்டாம் வாரம் செர்ட்ராலின் 25 மி.கி. தொடங்கி, ஒரு வாரம் கழித்து 50 ஆக்கினேன். முந்தைய குமட்டலை மனத்தில் வைத்தே பாதி அளவில் தொடங்கினோம். உணவுக்குப் பின் உட்கொண்டதில் குமட்டல் நான்கு நாட்களில் அடங்கிவிட்டது. பன்னிரண்டாம் வாரம் மதிப்பெண் 11, ஒன்பதாவது கேள்விக்கு 0. பதினாறாம் வாரம் 6. ஒன்பதாம் மாத முடிவில் 3. இபிஏ உருண்டையைத் திட்டமிட்டபடி 12 வாரங்களில் நிறுத்தினோம். நிறுத்தியதால் எந்த மாற்றமும் தெரியவில்லை. அது உதவியிருக்குமா என்று இந்த ஒருவரை வைத்துச் சொல்ல இயலாது. நடை நாளுக்கு நாற்பது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று நிலைத்திருக்கிறது. மூன்றரை மணி விழிப்பு இல்லை.

எது குணமாக்கியது என்று அவர் கேட்டார். முதல் நான்கு வாரங்களில் இறங்கிய ஐந்து எண்களுக்கு நடையும் உணவும், யாரோ ஒருவர் வாரந்தோறும் கேட்கிறார் என்பதும் காரணமாயிருக்கலாம். அந்த மூலிகைக்கும் பங்கு இருந்திருக்கலாம். பிறகு நேர்ந்த மீட்சியில் மருந்துக்கும் உளவியலாளரின் அமர்வுகளுக்கும் பெரும் பங்கு இருப்பதாக நம்புகிறேன். பிரித்துக் காட்ட என்னால் முடியாது என்றும் அவரிடம் சொன்னேன்.

மாற்றிச் செய்யக்கூடியவை

இரத்தம் எடுக்கும் முன்பே குப்பிகளைப் பார்த்திருக்க வேண்டும். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் துணைச்சத்தும் மூலிகையும் கருத்தடை மாத்திரையும் பதிலில் வருவதில்லை; அவற்றை மக்கள் மருந்தாக எண்ணுவதில்லை. இப்போது முதல் சந்திப்புக்கு நேரம் கொடுக்கும்போதே, வாயில் போடும் எல்லாவற்றையும் குப்பியோடு எடுத்து வரச் சொல்கிறோம்.

பேச்சுவழிச் சிகிச்சையை அவர் மறுக்கவே இல்லை. மருந்து வேண்டாம் என்றதை எல்லாச் சிகிச்சையும் வேண்டாம் என்பதாக நான் எடுத்துக்கொண்டேன். முதல் வாரமே அதைத் தொடங்கியிருக்கலாம். ஐந்து வாரங்கள் வீணாயின. நடைக்கு மாற்று எதையும் எழுதி வைக்காததும் என் பிழைதான். ஒரே கம்பத்தில் கட்டிய பந்தலாக இருந்தது திட்டம். சுளுக்கு அந்தக் கம்பத்தைச் சாய்த்துவிட்டது. கெடுவை ஆறு வாரத்துக்குப் பதில் நான்காக வைத்திருக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். நான்காம் வாரம் மதிப்பெண் நன்றாகவே இருந்தது, ஆகவே அதனால் பயன் இருந்திராது. ஒன்பதாவது கேள்வியைத் தனி நிபந்தனையாக வைத்ததுதான் காப்பாற்றியது. அதை இன்றும் மாற்ற மாட்டேன்.

முகம் மாறியது என்று அவர் சொன்னதைப் பற்றி உளவியலாளரோடு நீண்ட நேரம் பேசினேன். அன்று நான் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. பதினோராவது குப்பியைக் கையில் எடுத்தபோது பெருமூச்சு விட்டிருக்கிறேன் போலும். இப்போது ஒவ்வொரு சந்திப்பிலும், நிறுத்தியதில் எதையாவது மீண்டும் தொடங்கியிருக்கிறீர்களா, பலரும் தொடங்குவதுண்டு என்று கேட்கிறேன். பலரும் என்ற அந்தச் சொல்லைச் சேர்த்த பிறகு ஆம் என்ற பதில் அடிக்கடி வருகிறது.

அடுத்த மாதம் செர்ட்ராலினைக் குறைக்கத் தொடங்குகிறோம். தேறி நிலைத்து ஆறு மாதங்கள் கடந்துவிட்டன. எந்த வாரம் எத்தனை மி.கி. என்ற அட்டவணையை அவரே கணக்குத்தாளில் கட்டம் போட்டு எழுதி வந்தார். கடைசிக் கட்டத்துக்குக் கீழே, தலைக்குள் மின்சாரம் பாய்ந்தால் முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும், தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று இரண்டு வரிகள் இருந்தன. நான் அவற்றின் கீழ் கையெழுத்திட்டேன்.